மைக் கூவும்போது ரேக்கில் எந்தப் பெட்டியைத் தொடுவது: அறிகுறிவாரியாக ஒரு வழிமுறை

இசைக்குழுவின் மேடையில் மைக் கூவத் தொடங்கியதும் பெரும்பாலானோரின் கை நேராக, ஒவ்வோர் அதிர்வெண் பட்டைக்கும் தனி ஃபேடர் (மேலும் கீழும் நகர்த்தும் பிடி) கொண்ட கிராஃபிக் ஈக்வலைசருக்குத்தான் (சுருக்கமாக ஈக்யூ) போகிறது. ஏழெட்டு ஃபேடர்கள் கீழே இறங்குகின்றன, கூவல் நிற்கிறது, அதோடு பாடகரின் குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடுகிறது. கூவல் எந்த வழியாகச் சுற்றி வருகிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் கருவியைத் திருகியதே இதற்குக் காரணம்.

மைக்கில் நுழைந்த ஒலி மிக்சர், ரேக் (ஒலியைச் சீரமைக்கும் பெட்டிகளின் அடுக்கு), ஆம்ப், ஸ்பீக்கர் எனச் சென்று காற்றின் வழியாக மறுபடி மைக்கையே அடைகிறது. அவ்வாறு ஒரு சுற்று முடித்துத் திரும்பும் ஏதாவது ஓர் அதிர்வெண், புறப்பட்டபோது இருந்த அளவுக்குக் குறையாமலும் புறப்பட்ட அலையோடு ஒத்திசைந்தும் வந்து சேர்ந்தால், அது ஒவ்வொரு சுற்றிலும் வளர்ந்து கூவலாகிறது. எனவே கெயின் திருகியில் (மைக் மிக்சருக்குள் நுழையும் இடத்தில்) ஏற்றிய 3 டெசிபலும், சேனல் ஃபேடரில் ஏற்றிய 3 டெசிபலும், ஆம்பில் ஏற்றிய 3 டெசிபலும் இந்த வளையத்தைப் பொறுத்தவரை ஒன்றே. 'கெயினைக் குறைத்து ஃபேடரை ஏற்றினால் கூவாது' என்று மேடையில் அடிக்கடி சொல்லப்படுவதில் உண்மை இல்லை. அப்போது கூவாமல் இருந்தால் மொத்தத்தில் ஒலி குறைந்திருக்கிறது என்றுதான் பொருள்.

ரேக்கில் உள்ள கருவிகள் அந்த வளையத்தில் துருத்திக்கொண்டிருக்கும் சில அதிர்வெண்களை மட்டும் தட்டிச் சமப்படுத்துகின்றன. அவற்றிடமிருந்து நான் எதிர்பார்ப்பது சில டெசிபல்கள் மட்டுமே. பாடகர் 10 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்திருக்கும் மைக்கை 5 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தாலே ஏறத்தாழ 6 டெசிபல் கிடைக்கிறது.

முதலில் வளையத்தைக் கண்டுபிடித்தல்

கூவலின் விளிம்பில், அதாவது மைக்கில் பேசும் சொல் முடிந்த பிறகு ஒரு சிறு ரீங்காரம் வால் போல நீளும் நிலையில், ஒலி அளவை நிறுத்திக்கொள்ளவும். பார்வையாளர்களை நோக்கிய மெயின் ஸ்பீக்கர்களை மட்டும் மியூட் செய்யவும். ரீங்காரம் தொடர்ந்தால் வளையம் மானிட்டர் (கலைஞர்கள் தம் ஒலியைக் கேட்க மேடையில் வைத்த ஸ்பீக்கர்) வழியாகச் செல்கிறது. நின்றால் மெயின் வழியாகச் செல்கிறது. மானிட்டர்தான் என்று தெரிந்தால் ஆக்ஸ் மாஸ்டர்களை (ஒவ்வொரு மானிட்டருக்கும் போகும் மொத்த அளவின் திருகிகளை) ஒவ்வொன்றாக இறக்கி எந்த மானிட்டர் என்பதையும், பிறகு சேனல்களை ஒவ்வொன்றாக மியூட் செய்து எந்த மைக் என்பதையும் உறுதிசெய்யவும். இதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. நான் ஒருமுறை பாடகரின் மானிட்டர் ஈக்யூவை இருபது நிமிடம் இறக்கிக்கொண்டே போன பிறகுதான், கூவியது டிரம்ஸுக்கு மேலே தொங்கிய மைக் என்று தெரிந்தது. அந்த மைக்கின் ஆக்ஸ் திருகி (அந்தச் சேனலிலிருந்து மானிட்டருக்கு எவ்வளவு போக வேண்டும் என்பதை வைக்கும் திருகி), முந்தைய நிகழ்ச்சியில் வைத்த இடத்திலேயே இருந்தது.

இந்தச் சோதனையின்போது ஈக்யூவின் பைபாஸ் பொத்தானை அழுத்த வேண்டாம். ஏற்கெனவே செய்திருந்த வெட்டுகள் அனைத்தும் ஒரே நொடியில் நீங்கிவிடுவதால் பெருங்கூவல் வெடித்து, ஸ்பீக்கரின் உயர் அதிர்வெண் டிரைவரையும் அருகில் நிற்பவரின் காதையும் பதம் பார்க்கும்.

அறிகுறி: எல்லா மைக்கையும் மியூட் செய்தும் ஓசை நிற்கவில்லை

அப்படியானால் இதில் காற்றுக்குப் பங்கில்லை. வளையம் கம்பிகளுக்குள்ளேயே மூடியிருக்கிறது. எதிரொலி சேர்க்கும் ரிவர்ப் கருவியின் வெளியீடு ஒரு சேனலுக்குத் திரும்பி வரும்போது, அந்தச் சேனலிலேயே ரிவர்ப்புக்குச் செல்லும் ஆக்ஸ் திருகி திறந்திருப்பது இதற்கு மிகவும் வழக்கமான காரணம். ஒலிப்பதிவுக் கருவியின் வெளியீடு மிக்சருக்கும், மிக்சரின் வெளியீடு அதே கருவிக்கும் இணைக்கப்பட்டு, கருவி உள்ளீட்டை அப்படியே வெளியே விடும் நிலையில் இருந்தாலும் இதே விளைவுதான். திரும்பி வரும் சேனலில் ஆக்ஸ் திருகியைப் பூஜ்யத்தில் வைத்தால் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். ஈக்யூவைத் தொடத் தேவையில்லை.

அறிகுறி: மானிட்டரை ஏற்றியதும் ஒரே சுருதியில் கூவல்

மேடையில் வரும் கூவல்களில் பெரும்பகுதி இதுதான். மைக்குக்கு மிக அருகில் இருக்கும் ஸ்பீக்கர் மானிட்டர் என்பதோடு, அதைப் பலமாக வைக்கும்படி கேட்பவரும் அந்த மைக்கைப் பிடித்திருப்பவரே.

ரேக்குக்குப் போகும் முன் மானிட்டர் வைத்திருக்கும் கோணத்தைப் பார்க்கவும். முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக் தன் நேர் பின்புறத்தில்தான் மிகக் குறைவாகக் கேட்கும். ஆகவே மானிட்டர் அதன் வாலுக்கு நேராக இருக்க வேண்டும். இன்னும் குறுகிய திசையில் கேட்கும் சூப்பர் கார்டியாய்டு மைக்கின் செவிட்டுப் புள்ளி முன்பக்கத்திலிருந்து சுமார் 126 பாகையிலும், ஹைப்பர் கார்டியாய்டில் சுமார் 110 பாகையிலும் இருப்பதால், இவற்றுக்கு நேர் பின்னால் வைத்த மானிட்டர் மைக்கின் பின் மடலுக்குள்ளேயே (பின்பக்கமும் ஓரளவு கேட்கும் பகுதிக்குள்) ஒலியைச் செலுத்தும். கார்டியாய்டு மைக்கை மாற்றிவிட்டு விலை உயர்ந்த சூப்பர் கார்டியாய்டு வாங்கியவர்கள், 'புது மைக்தான் அதிகம் கூவுகிறது' என்று குறைப்படுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். மானிட்டரைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தினால் குறை தீரும்.

இனி கிராஃபிக் ஈக்யூ. அது ஆக்ஸ் வெளியீட்டுக்கும் மானிட்டர் ஆம்புக்கும் நடுவிலோ, ஆக்ஸ் மாஸ்டரின் இன்சர்ட்டிலோ (வெளிக் கருவியைப் பாதையின் நடுவில் இணைக்கும் துளை) இருக்க வேண்டும். எல்லா ஃபேடர்களையும் நடுவில் வைத்து, கருவியின் மொத்த அளவுத் திருகியும் பூஜ்ய டெசிபலில் இருக்கிறதா என்று பார்க்கவும். வீச்சை 6 அல்லது 12 டெசிபல் என மாற்றும் பொத்தான் இருந்தால் 6-இல் வைப்பது நல்லது, ஏனெனில் அதே ஃபேடர் நகர்வில் நுணுக்கமாக இறக்க முடியும். பிறகு ஒருவரை மைக்கின் முன்னால், பாடும்போது நிற்பது போலவே நிற்கச் சொல்லவும். முகமும் தொப்பியும் கூட மானிட்டரின் ஒலியை மைக்குக்குள் திருப்பிவிடும் என்பதால், ஆள் இல்லாத ஸ்டாண்டில் செய்த சரிபார்ப்பு நிகழ்ச்சியில் பயன்படாது.

ஆக்ஸ் மாஸ்டரை மெல்ல ஏற்றிச் சென்று முதல் ரீங்காரம் கேட்ட இடத்தில் நிறுத்தவும். அதன் அதிர்வெண்ணை ஊகிக்க நம் உயிரெழுத்துகளே போதும்: கூவல் 'ஊ' போல ஒலித்தால் 250 ஹெர்ட்ஸை ஒட்டியும், 'ஓ' போல ஒலித்தால் 500-ஐ ஒட்டியும், 'ஆ' என்றால் 1000-ஐயும், 'ஏ' என்றால் 2000-ஐயும், 'ஈ' என்று கூர்மையாகக் குத்தினால் 4000-ஐயும் ஒட்டியிருக்கும். துல்லியமான அளவீடு அல்ல என்றாலும், 31 ஃபேடர்களில் எந்த மூன்றைச் சோதிப்பது என்பதை இது சொல்லிவிடும். கைப்பேசியில் அலைமாலை காட்டும் செயலி இருந்தால் இன்னும் எளிது. கிடாருக்கு வைத்திருக்கும் டியூனர் கூட நடு அதிர்வெண் கூவல்களுக்கு உதவும்; அது 'A' சுரம் என்று காட்டினால் கூவல் 440, 880, 1760 ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் இருக்கிறது, எந்த எண்மம் (ஆக்டேவ்) என்பதைக் காது சொல்லிவிடும்.

ஊகித்த ஃபேடரை 3 டெசிபல் இறக்கவும். ரீங்காரம் நின்றால் சரியான ஃபேடர். நிற்காவிட்டால் அதை மறக்காமல் மீண்டும் நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டுப் பக்கத்து ஃபேடரைப் பார்க்கவும். தவறாக இறக்கியவற்றைத் திரும்ப ஏற்றாமல் விடுவதால்தான் பல ரேக்குகளில் ஈக்யூவின் முகம் பற்கள் உதிர்ந்த சீப்பு போலக் காட்சியளிக்கிறது. மறுபடி ஆக்ஸை ஏற்றவும், அடுத்த ரீங்காரத்தைப் பிடிக்கவும். நான்கைந்து அதிர்வெண்களுக்குப் பிறகு இரண்டு மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் கூவத் தொடங்கும். அந்த இடம்தான் எல்லை. அதற்கு மேல் இறக்கும் ஒவ்வொரு ஃபேடரும் மொத்த ஒலியைக் குறைப்பதற்குச் சமமே. அங்கிருந்து ஆக்ஸ் மாஸ்டரை 6 டெசிபல் கீழே கொண்டுவந்து நிறுத்தினால் நிகழ்ச்சி முழுவதற்கும் போதிய பாதுகாப்பு இடைவெளி கிடைக்கும். மூன்று டெசிபல் இடைவெளியில் ஓட்டுபவர்களும் உண்டு. பாடகர் மைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுக்கமாட்டார் என்ற உறுதி இருந்தாலன்றி நான் அதைச் செய்வதில்லை.

அறிகுறி: ஃபேடரை 9 டெசிபல் இறக்கியும் கூவல் முழுதாக நிற்கவில்லை, அல்லது குரல் மெலிந்துவிட்டது

எண்மத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு ஒரு ஃபேடர் என்ற கணக்கில் அமைந்த 31 பட்டை ஈக்யூவில் 2000-க்கு அடுத்த ஃபேடர் 2500 ஹெர்ட்ஸ். கூவல் 2240-இல் இருந்தால் அது எந்த ஃபேடரின் நடுவிலும் விழாது. ஒன்றை ஆழமாக இறக்கினால் அந்த ஃபேடரின் நடுவில் இருக்கும், தவறு செய்யாத அதிர்வெண்தான் அதிகம் வெட்டுப்படும். அப்போது இரண்டு பக்கத்து ஃபேடர்களையும் 3 டெசிபல் வீதம் இறக்குவது, ஒன்றை 9 இறக்குவதைவிடக் குரலுக்குக் குறைந்த சேதம் தரும்.

இதைவிடச் சிறந்தது பாராமெட்ரிக் ஈக்யூ. நடு அதிர்வெண்ணையும் பட்டையின் அகலத்தையும் நாமே வைக்க முடிவதால், கூவும் இடத்தை மட்டும் ஊசியால் எடுப்பது போல எடுத்துவிடலாம். ஏற்றிப் பார்த்துத் தேடும் முறையை ஸ்டுடியோவில் பயன்படுத்துவார்கள். கூவலின் விளிம்பில் நிற்கும் மேடையில் அது ஆபத்தானது. மாறாக, குறுகிய பட்டையில் 6 டெசிபல் வெட்டை வைத்துக்கொண்டு அதிர்வெண் திருகியை மெதுவாகத் திருப்பவும். ரீங்காரம் சட்டென்று அடங்கும் இடத்தில் நிறுத்தி, பிறகு வெட்டின் ஆழத்தை எவ்வளவு குறைத்தும் ரீங்காரம் திரும்பவில்லையோ அவ்வளவுக்குக் குறைக்கவும்.

எந்தக் கருவியை எங்கே வைப்பது என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான். எந்த மைக்கைத் திறந்தாலும் ஒரே மானிட்டர் ஒரே அதிர்வெண்ணில் கூவினால், அந்தக் குறை ஸ்பீக்கருடையது அல்லது மேடையுடையது; ஆக்ஸ் வெளியீட்டில் வெட்டவும். ஒரு குறிப்பிட்ட மைக் மட்டும் எல்லா ஸ்பீக்கரிலும் கூவினால், அந்த மைக்கின் சேனல் இன்சர்ட்டில் பாராமெட்ரிக்கை வைத்து வெட்டவும். ஒருவருடைய மைக் செய்யும் குற்றத்துக்கு எல்லோருடைய குரலையும் வெட்ட வேண்டியதில்லை.

அறிகுறி: பாடும்போது கூவுவதில்லை, பாட்டின் இடைவெளியில் கூவுகிறது

இதைக் கேட்டவுடன் நான், உரத்த ஒலியைத் தானாகக் குறைக்கும் கம்பிரசரைத்தான் பார்ப்பேன். பாடகர் உரக்கப் பாடும்போது கம்பிரசர் 6 டெசிபல் குறைக்கிறது என்றும், அந்த இழப்பை ஈடுகட்ட வெளியீட்டில் 6 டெசிபல் ஏற்றப்பட்டிருக்கிறது என்றும் கொள்வோம். அவர் மூச்சு விடும் நொடியில் குறைப்பு நீங்கிவிடுகிறது, ஏற்றியது மட்டும் நிற்கிறது. வளையத்தில் 6 டெசிபல் கூடிவிடுகிறது. கூவத் தொடங்கியதும் அந்தக் கூவலையே கம்பிரசர் அமுக்குவதால், அது அலறலாக வளராமல் ஒரே அளவில் நிற்கும் மெல்லிய ஓசையாகத் தேங்கும். இப்படிக் கட்டுக்குள் அடங்கிய கூவல் கேட்டால் கம்பிரசர் மீது சந்தேகப்படுவது பெரும்பாலும் வீண்போகாது.

ஈடுகட்டும் ஏற்றத்தைப் பூஜ்யமாக்கி, அமுக்கும் விகிதத்தை 2:1 அல்லது 3:1 என்ற அளவில் வைத்துச் சோதிக்கவும். ஆனால் அடிப்படைத் தீர்வு வேறு. அனலாக் மிக்சர்கள் பலவற்றில் சேனல் இன்சர்ட், மானிட்டர் ஆக்ஸ் பிரியும் இடத்துக்கு முன்னால் அமைந்திருக்கிறது. ஆகவே மெயினுக்காகப் போட்ட கம்பிரசர் மானிட்டருக்கும் போய்ச் சேர்கிறது. கம்பிரசரைச் சேனலில் இருந்து எடுத்து, குரல்களுக்கான குழு வெளியீட்டின் (எல்லாக் குரல் சேனல்களும் சேர்ந்து மெயினுக்குப் போகும் இடம்) இன்சர்ட்டில் போட்டால் மானிட்டர் அதிலிருந்து தப்பும். சேனல்கள் மிச்சம் இருந்தால் ஒரே மைக்கை இரண்டு சேனல்களுக்குப் பிரித்து, ஒன்றைக் கம்பிரசருடன் மெயினுக்கும் மற்றொன்றைக் கம்பிரசர் இல்லாமல் மானிட்டருக்கும் ஒதுக்குவது இன்னும் சுத்தமான வழி.

ஒலி குறைந்ததும் பாதையை அடைக்கும் கேட் என்ற கருவியைப் போட்டு இடைவெளியில் மைக்கை மூடிவிடலாமே என்ற யோசனை எழும். மூடியிருக்கும் வரை கூவாது என்பது உண்மை. ஆனால் பாடகர் வாயைத் திறந்ததும் கேட்டும் திறக்கும், வளையமும் திறக்கும். கூவல் ஒருமுறை தொடங்கிவிட்டால் அந்தக் கூவலே கேட்டை மூடவிடாமல் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். பின்னணிப் பாடகர்கள் எப்போதாவது பயன்படுத்தும் மைக்குகளுக்கு, முழுக்க மூடாமல் 6 முதல் 10 டெசிபல் மட்டும் இறக்கும் எக்ஸ்பாண்டர் போதுமானது. அதன் பயனும் கணிசமானது, ஏனெனில் ஒரே அளவில் திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் கூவலுக்கு முன் கிடைக்கும் இடம் 3 டெசிபல் குறைகிறது. நான்கு மைக் திறந்திருந்தால் 6 டெசிபலும், எட்டு திறந்திருந்தால் 9 டெசிபலும் போய்விடும். கை அருகில் மியூட் பொத்தான் இருக்கும்போது எக்ஸ்பாண்டரும் தேவையில்லை.

அறிகுறி: அடியில் 'ஹூம்' என்ற முழக்கம்

குரல் மைக் என்றால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹை பாஸ் ஃபில்டரால் வெட்டவும். அடித்தொனிக்கான சப் ஊஃபர் ஸ்பீக்கர்களுக்குத் தனி ஆக்ஸ் ஒதுக்கி, குரல்களை அதில் அனுப்பாமல் விடவும். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும்.

அகூஸ்டிக் கிடார் என்றால் கதை வேறு. அதன் பெட்டிக்குள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸை ஒட்டித் தானாகவே அதிரும் இயல்புடையது. மானிட்டரின் ஒலி அந்தப் பெட்டியை அதிரவைத்து, அதிர்வு பிக்கப்புக்குள் (கிடாரின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) புகுந்து சுற்றுகிறது. இங்கே மைக்கே இல்லாமல் கிடார்தான் மைக்காகிவிடுகிறது. துளையை ரப்பர் மூடியால் அடைப்பது முதல் வேலை. இரண்டாவது, ப்ரீ ஆம்பிலோ, கிடாரை மிக்சரோடு இணைக்கும் டிஐ பெட்டியிலோ இருக்கும் ஃபேஸ் பொத்தானை (அலையைத் தலைகீழாக்குவது) அழுத்திப் பார்ப்பது; அது கூவலை ஒழிப்பதில்லை, வேறு அதிர்வெண்ணுக்குத் தள்ளிவிடுகிறது, அந்தப் புதிய இடம் கிடாரின் பலவீனமான இடமாக இருந்தால் நமக்கு லாபம். மூன்றாவதாகவே குறுகிய வெட்டு வர வேண்டும்.

அறிகுறி: தானியங்கி சப்ரஸர் இருந்தும் கூவுகிறது, அல்லது அது சுரங்களைத் தின்கிறது

இந்தக் கருவி, நீடித்து வளரும் ஒற்றை அதிர்வெண்ணைக் கூவல் என்று கருதி அங்கே குறுகிய வெட்டை வைக்கிறது. புல்லாங்குழலின் நீண்ட சுரமும், கீபோர்டில் அழுத்திப் பிடித்த ஒற்றைச் சுரமும், டிஸ்டார்ஷன் போட்ட கிடாரின் நீண்ட இழுப்பும் அதன் கண்ணுக்குக் கூவல் போலவே தெரியக்கூடும். எனவே முழுக் கலவையும் செல்லும் மெயின் வெளியீட்டில் அதை வைக்க வேண்டாம். குரல் குழுவிலோ குரல் மானிட்டரிலோ மட்டும் வைக்கவும்.

கூவல் தொடர்ந்தால் நிலையான ஃபில்டர்கள் எத்தனை, மாறும் ஃபில்டர்கள் எத்தனை என்று பார்க்கவும். எல்லாமே மாறும் வகையாக இருந்தால், புதிய கூவல் வரும்போது கருவி பழைய வெட்டு ஒன்றைக் கைவிட்டு அதை அங்கே நகர்த்தும். கைவிட்ட இடம் மறுபடி கூவும். இரண்டும் மாறி மாறித் துரத்தும். நிகழ்ச்சிக்கு முன், மேலே சொன்ன முறையில் ஆக்ஸை ஏற்றி நிலையான ஃபில்டர்கள் நிரம்பும்படி செய்து பூட்டிவிட்டு, இரண்டு மூன்றை மட்டும் மாறுவனவாக விடவும். அதன் பிறகு அதே பாதையில் ஈக்யூவையோ ஆம்பையோ ஏற்றினால் பூட்டிய வெட்டுகளின் கணக்கு தவறிவிடும்.

ஒலியைச் சுமார் 5 ஹெர்ட்ஸ் நகர்த்திக் கூவலைத் தடுக்கும் கருவிகளும் உண்டு. ஒலியியல் ஆய்வாளர் மன்ஃப்ரெட் ஷ்ரோடர் 1960-களில் ஆராய்ந்த வழி இது. ஒவ்வொரு சுற்றிலும் அதிர்வெண் சிறிது தள்ளிப்போவதால் ஒரே இடத்தில் வளர முடிவதில்லை. பேச்சுக்கு நன்றாகவே வேலை செய்யும். பாடகரின் மானிட்டரில் போட்டால், தன் சொந்தக் குரலும் நகர்ந்த குரலும் மோதி நொடிக்கு ஐந்து முறை துடிப்பதை அவர் கேட்பார். சுருதி விலகுகிறது என்று அவர் முறையிட்டால் அவர் சொல்வது சரியே.

அறிகுறி: ரிவர்ப்பை ஏற்றினால் மட்டும் கூவல்

ரிவர்ப்பின் திரும்பல் மானிட்டருக்குப் போகிறதா என்று பார்த்து, போனால் நிறுத்தவும். பாடகர் கட்டாயம் கேட்டால், திரும்பும் சேனலில் கீழ்ப்பகுதியையும் மேல்பகுதியையும் வெட்டி, வாலின் நீளத்தைக் குறைத்துத் தரவும்.

அறிகுறி: சரிபார்ப்பின்போது கூவவில்லை, நிகழ்ச்சியில் கூவுகிறது

மூன்று காரணங்களை இந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும். முதலாவது கை. பாடகர் மைக்கின் வலைத் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தால் பின்பக்கத் துளைகள் அடைபட்டு, திசை அறியும் மைக் நாலாபக்கமும் கேட்கும் மைக்காகிவிடும். அதை எந்த ஈக்யூவாலும் ஈடுகட்ட முடியாது, அவரிடம் சொல்வது ஒன்றே வழி. இரண்டாவது, நிகழ்ச்சி சூடேறும்போது ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு ஏற்றிக்கொண்ட மானிட்டர் அளவு. சரிபார்ப்பின்போது ஆக்ஸ் மாஸ்டர் இருந்த இடத்தில் ஒரு சிறு ஒட்டு நாடாவால் குறியிட்டு வைத்திருந்தால் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

மூன்றாவது, கூவலின் இடமே நகர்ந்திருப்பது. 2000 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் 17 சென்டிமீட்டர்தான். மைக் ஒரு சாண் நகர்ந்தாலே அலை திரும்பி வந்து சேரும் கட்டம் (ஏற்ற இறக்கத்தின் நிலை) மாறி, கூவல் பக்கத்து அதிர்வெண்ணுக்குத் தாவிவிடும். வெப்பமும் நகர்த்தும்: ஒரு பாகை செல்சியஸ் ஏறும்போது ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 0.6 மீட்டர் கூடுவதால், அரங்கு 10 பாகை சூடானால் 2000 ஹெர்ட்ஸில் இருந்த கூவல் ஏறத்தாழ 35 ஹெர்ட்ஸ் மேலே போய்விடும். எண்மத்தில் இருபதில் ஒரு பங்கு அகலமுள்ள வெட்டு அந்த இடத்தில் சுமார் 70 ஹெர்ட்ஸ் அகலமே கொண்டது என்பதால், கூவல் அதன் விளிம்புக்கு வந்து நிற்கும். இந்த நிலையில் பக்கத்திலேயே இன்னொரு வெட்டைச் சேர்க்காமல், இருக்கும் வெட்டின் அகலத்தை எண்மத்தில் பத்தில் ஒரு பங்கு ஆகும்படி கூட்டி, ஆக்ஸ் மாஸ்டரை ஒட்டு நாடாக் குறிக்குத் திரும்பக் கொண்டுவரவும்.